சேத விவரம்

தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எதிரே
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
இன்றைக்குப் பதினேழு வருமானச் சான்று,
நாலு பட்டா மாறுதல்,
ஒரு முதியோர் பென்ஷன். கைரேகை விழவில்லை,
எலுமிச்சை தேய்த்துக் கழுவிவிட்டு
நாளைக்கு வாங்க என்று அனுப்பினேன்.
இப்போது
என் பெயரில் ஒன்று.

பெட்டமுகிலாளம் போகிற வழியில்
மலைமேல் ஒரு வீடு.
எழுதுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும்
ஒரு மாதம் அறை, சோறு, மேஜை.
ஜன்னலைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.
ஜன்னல் முழுக்க மூடுபனி.
அந்த வீட்டு போர்வெல்லுக்கு
மின் இணைப்பு கேட்டு மனு தட்டியவள் நான்தான்.
அப்போது அதை ‘விவசாயம்’ என்று போட்டோம்.

கடைசி நாள் இன்று.
இரவு பன்னிரண்டு வரை.

பெயர், நாகவேணி.
தாய்மொழியில் கொஞ்சம் நின்றேன்.
வீட்டில் தெலுங்கு,
சண்டை கன்னடத்தில்,
கணக்கும் கவிதையும் தமிழில்.
ஒன்றைத்தான் தொட விடுகிறது.

‘உங்களுக்குத் தனிமை ஏன் தேவை?
இருநூறு சொற்களுக்குள்.’
அடுத்தவருக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.
மேற்படி மனுதாரராகிய நான்
மிகவும் ஏழ்மையான நிலையில்...
விரலுக்கு அந்த நடைதான் வருகிறது.
மேற்படி மனுதாரராகிய நான்
மிகவும் கூட்டமான நிலையில்...
அழித்தேன்.
அதுவே சரி என்று திரும்பத் தட்டினேன்.

ஷட்டருக்கு அடியில் இரண்டு கால்கள், சேற்றோடு.
‘மேடம், இருக்கீங்களா?’
நொகனூர் திம்மராயன்.
காலையிலிருந்து வன அலுவலகத்தில் நின்றவனை
ஆன்லைனில் போடு என்று திருப்பிவிட்டார்களாம்.
கடைசி பஸ்ஸும் போய்விட்டது.
நேற்று ராத்திரி அவன் ராகிக்குள்
ஏழு யானை.

மணி பத்தே முக்கால்.
மூடுபனி ஜன்னலைச் சின்னதாக்கிக்
கீழே இறக்கினேன்.

சர்வே எண். ஆதார். சேதமான பரப்பு.
‘எவ்ளோ தின்னுச்சு?’
‘தின்னது கொஞ்சம் மேடம்.
மிதிச்சதுதான் ஜாஸ்தி.
அதுல ஒண்ணு குட்டி.
அது தின்னவே இல்ல.
சும்மா ஓடி ஓடி வெளாடுச்சு.’
இடுப்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டினான்.
கோபத்தில் சொல்கிறானா என்று பார்த்தேன்,
தெரியவில்லை.
அதற்குக் கட்டம் இல்லை படிவத்தில்.
எண்பது சென்ட் என்று போட்டேன்.

அவன் எடுத்த போட்டோ அளவு பெரிது.
ஐம்பது கேபி வரைக்கும் குறைத்தேன்.
குறையக் குறைய
யானைத்தடம்
யாரோ கொட்டிய தண்ணீர் போல ஆனது.
ஓடிபி வரப் பதினொரு நிமிடம்.
போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி
நடுத்தெருவில் நின்றான்,
மழை வருமா என்று பார்க்கிறவன் மாதிரி.

திரும்பி என் ஜன்னலைத் திறந்தால்
‘அமர்வு காலாவதியானது.
மீண்டும் உள்நுழைக.’

பிளாஸ்டிக் சேரில் சாய்ந்துகொண்டு கேட்டான்,
‘இது யாருக்கு மேடம்?’
‘எனக்கு.’
‘உங்களுக்கு என்ன சேதம்?’

பதினொன்று முப்பத்தெட்டு.
வேகமாகத் தட்டினேன். பெயர், மறுபடி. மொழி, மறுபடி.
எப்படி வருவீர்கள் என்பதற்கு
விமானம், ரயில், இரண்டே வட்டம்.
ரயில் என்று பொய் சொன்னேன்.
அந்த மாதம் கடையை யார் திறப்பார்கள்
என்று அவர்களும் கேட்கவில்லை.
தனிமை ஏன் என்ற இடத்தில்
இருநூறு சொல்லுக்கு நேரமில்லை.
தின்றது கொஞ்சம்.
மிதித்தது அதிகம்.
அவ்வளவுதான் போட்டேன்.
அவனிடம் கேட்டிருக்க வேண்டும்.
வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

பதினொன்று ஐம்பத்தேழுக்கு அனுப்பினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
நின்றது.
பழக்கத்தில் பிரிண்ட் எடுத்தேன்.
பழக்கத்தில் ஸ்டேப்ளர் அடித்து
கவுண்டர்மேல் வைத்துச் சொன்னேன்,
‘அறுபது ரூபா.’

திடுக்கிட்டு விழித்தவன்
சட்டைப் பையைத் தடவினான்.
‘நான் அப்பவே குடுத்துட்டேனே மேடம்.’