உறை

மோன்டெவிடியோவிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள்:
"உங்கள் 417ஆம் ஈஸ்ட் கொஞ்சம் கிடைக்குமா?
கடுங்குளிரிலும் நொதிக்குமாமே.
எங்களிடம் நிதி இல்லை. தபால் செலவைத் தந்துவிடுகிறேன்."

பழைய பேரேட்டைப் புரட்டுகிறேன்.
1988 மார்ச்: 417, புர்னோவுக்கு.
ஜூன்: 417, தார்த்துவுக்கு.
செலவு: அஞ்சல்தலை ஒன்று.
வரவுப் பத்தி முழுக்க வெறுமை,
ஒரே ஒரு இடத்தில் மட்டும்
"நன்றி அட்டை, பூனைப் படம்."

வடிதாளில் ஒரு சொட்டு, மேலே ஈயத்தாள்,
அதற்கும் மேலே சாதாரணத் தபால் உறை.
உலர்ந்து உறங்கி எல்லை தாண்டி
எவருடைய சர்க்கரைக் கரைசலிலோ கண்விழிக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி வீலித் தயிருக்கு
உறை கேட்டால் ஒப்பந்தம் நீட்டாத ஊர்,
இந்த ஓவுலு.

இப்போது 417க்குப் பெயர் வைத்தாயிற்று.
பெயரின் தோளில் குட்டி வட்டம், அதற்குள் ஓர் எழுத்து.
மூன்றாம் மாடியில் ஒரு கம்பெனி.
பேராசிரியர் ரவுனியோவுக்கு
இரண்டு முகவரி, ஒரே மின்தூக்கி.

அவரைக் குறை சொல்ல வாய் எழவில்லை.
அமைச்சகம் கைவிரித்த குளிர்காலத்தில்
உறைபெட்டிகளின் மின்கட்டணத்தை
அந்தக் கம்பெனிதான் கட்டியது.
நான் தின்பதிலும் பாதி அதன் உப்பு.

ஆனால் வென்லா,
ஐந்து வருடம் இங்கே கண்விழித்தவள்,
ஊரார் கேட்க எழுந்து நின்று ஆய்வேட்டை வாதிட்டவள்
நாலாம் இயல் வந்ததும்
தண்ணீர் குடித்தாள்.
எதிர்வாதி மெல்லப் பக்கத்தைத் தள்ளினார்.
கருப்பு வரி. கருப்பு அட்டவணை. கருப்பில் ஒரு வரைபடம்.
பின்வரிசையில் அவள் அத்தை
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டுப் பார்த்தாள்.

காப்பி அறையில் பனிப்பொழிவைப் பற்றிப் பேசுகிறோம்.
"இப்போ என்ன பண்றே?" என்று கேட்டால்
காதுக்குள் ஒரு வக்கீல் இருமுகிறார்.

மோன்டெவிடியோவுக்கு என்ன எழுத?
படிவம் இருபத்து மூன்று பக்கம்.
காத்திருப்பு ஒன்பது மாதம்.
கட்டணம், அவள் ஆய்வகத்தின் ஒரு வருடம்.

"மன்னிக்கவும்" என்று கையால் எழுதினேன்.
"அனுப்ப இயலாது. விதிகள் அப்படி.
இந்தக் கடிதத்தை மட்டும்
உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள்."

தாள் கொஞ்சம் தடிமன், மை ஊறும் ரகம்.
எழுதும்போது கீழ்மூலை
எதன்மேலோ பட்டு நனைந்துவிட்டது.
காயவைத்தேன்.
உறையை எச்சில் தொடாமல் பசையால் ஒட்டினேன்.

பேரேட்டில்:
மோன்டெவிடியோ. கடிதம் மட்டும்.
செலவு: அஞ்சல்தலை ஒன்று.