கோசோங்

காலணியைக் கழற்றுங்கள் என்கிறேன்.
சாவிக்கொத்து, கைப்பேசி, பெல்ட்டு.
சில்லறையை மட்டும் கைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.
கோல கெட்டில் கிளினிக்கில் எட்டு மணிக்குள்
அறுபத்திரண்டு எண் கொடுத்தாகிவிட்டது.
எல்லோருக்கும் நான் மிஸ்ஸி.
மிஸ்ஸி இல்லை; எடை பார்த்து, உயரம் பார்த்து
பச்சைப் புத்தகத்தில் எழுதுபவள்.
என் எடை தொண்ணூற்றொன்று. யாரும் கேட்பதில்லை.
பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

சுவரில் அமைச்சின் தட்டு:
கால் சோறு, கால் மீன், பாதி காய்கறி.
சுக்கு சுக்கு செபாரோ.
"மூணு மாசமா சுக்குதான் மிஸ்ஸி,
வெல்லம் போட்டு" என்கிறாள் கோமளவல்லி.
என்னைவிட அவளுக்கு மலாய் நன்றாக வரும்.
கையுறை ஆலையில் இரவு வேலை முடிந்து
நேரே வந்திருக்கிறாள், பசியாறாமல்.
சிரித்தபடியே ஊசிக்குக் கை நீட்டுகிறாள்.

அந்த ரத்தம் மூன்று மாதக் கணக்கு சொல்லும்,
மளிகைக் கடையின் கடன் புத்தகம் போல.
மகன் பிறந்தநாள் கேக்,
தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலின் ரோஸ் சிராப்,
இரவு இரண்டு மணிக்கு ஆலைக் கன்டீனில் மீ கோரெங்:
ஒன்றையும் அடிக்காமல் வைத்திருக்கும்.

எதிர்க் கடையில் எண்ணெய்ப் பொட்டலம் இரண்டரை வெள்ளி,
அரசாங்க விலை.
சீனிக்கும் அரசாங்கம் விலை கட்டியிருக்கிறது.
பயத்தங்காய்க்கு யாரும் கட்டவில்லை;
மழை பிடித்தால் கிலோ பன்னிரண்டு.
சன்னலுக்கு வெளியே செம்பனை நின்று காய்க்கிறது.
பொரியலைக் குறையுங்கள் என்று
அதே அரசாங்கத்தின் சம்பளத்தில் நான் சொல்கிறேன்.

சிக் நூர்ஹிதாயா மாதத்தில் ஒரு புதன்கிழமை வருவார்,
பெட்டி நிறையப் பிளாஸ்டிக் சாப்பாட்டோடு.
நாசி லெமாக் உண்டு, ரொட்டி சானாய் உண்டு,
கால் உடைந்த கோழி உண்டு.
தோசை இல்லை.
மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாராம்.
அதுவரை ரொட்டியைத் தூக்கிக் காட்டி
"இதத் தோசைன்னு நெனச்சுக்குங்க" என்று
மொழிபெயர்ப்பது நான்.
அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்து.

நடக்கவும் சொல்கிறோம். நாளுக்குப் பத்தாயிரம் அடி.
பெரிய ரோட்டில் நடைபாதை கிடையாது.
தோட்டத்துப் பாதையில் நாய்கள்,
நாய்கள் ஒதுங்கினால் லோரிகள்.

அதில் ஒரு லோரி பலராமனுடையது.
நூற்றுப் பதினெட்டு.
தராசை விட்டு இறங்காமலே பேசினார்:
"மில்லுல என் லோரிய ரெண்டு தடவ நிறுப்பாங்க மிஸ்ஸி.
கொலையோட ஒரு தடவ,
கொட்டிட்டு கோசோங்கா ஒரு தடவ.
நடுவுல இருக்கறதுக்குத்தான் காசு.
நீங்க என்ன ஏத்துனபடியே நிறுக்கிறீங்க.
கோசோங் எப்ப?"

வரிசை சிரித்தது. நானும்.
அவர் சிரிக்கவில்லை.
பதினான்கு மணி நேர இருக்கை,
வட்டிக்காரன் இரண்டு பேர்,
படிப்பை விட்ட மகன்.
இடது காலில் போன வருடம் எடுத்த விரல்,
அது ஒன்றுதான் இதுவரை குறைந்தது.
புத்தகத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.
நூற்றுப் பதினெட்டு என்று எழுதிச்
சிவப்பு முத்திரை குத்தினேன்.

எங்களுக்கும் போட்டி உண்டு, ஊழியர் எடைக் குறைப்பு.
போன வருடம் மருந்தகத்து ரோஸ்லி ஜெயித்தார்.
பரிசுக் கூடையில் மூன்று டின் மால்ட் பானம்,
வெண்ணெய் பிஸ்கட் ஒரு டப்பா.
எங்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு விளக்கை அணைத்த பின்
நான் ஏறினேன்.
காலணி, சாவி, பெயர் அட்டை, தோடு,
ஒவ்வொன்றாய்க் கழற்றி வைத்துவிட்டு.
தொண்ணூறு புள்ளி நான்கு.
இன்னும் என்ன இருக்கிறது என்று
இருட்டில் சற்று நேரம் நின்றேன்.

ஷாகுல் கடையில் உட்கார்ந்து
"தே, கோசோங்" என்றேன்.
அவன் கரண்டி ஏற்கனவே
பால் டின்னுக்குள் இருந்தது.