இரண்டாம் கணு வரை

பிப்ரவரியில், தட்டில் ஒரு நனைந்த காகிதம்.
அதன்மேல் போன வருஷத்துத் தக்காளி விதை பத்து.
மடித்து ஹீட்டர்மேல் வைத்துவிட்டு
இரவு டிராம் ஓட்டப் போவேன்.
ஆறாம் நாள் பிரித்தால்
ஏழு, வெள்ளை மூக்கை நீட்டியிருக்கும்.
பத்துக்கு ஏழு. போதும்.
பள்ளியில் எனக்கு அவ்வளவு வந்ததில்லை.

வெள்ளரியை மட்டும் வாங்கிய கையோடு விதைக்க மாட்டேன்.
மூன்று வருஷம் டப்பாவில் கிடக்கட்டும்.
இளம் விதை கொடியாய் ஓடும், ஆண்பூவாய்ப் பூத்துத் தள்ளும்;
கிழட்டு விதைதான் காய்க்கும் என்பது
எங்கள் தோட்ட வரிசையின் கட்சி.
(சான்று கேட்காதீர்கள்.
எனக்கு ஐம்பத்து மூன்று வயது,
அந்தக் கட்சியில் இருப்பது வசதி.)

மே பதினைந்து குளிர் சோஃபியாவின் நாள்.
பொஸ்னானில் குழந்தைக்கும் தெரியும்:
கடைசியாய் ஒரு முறை
மடி நிறைய உறைபனி கட்டிக்கொண்டு வருவாள்.
அவள் வந்து போகுமுன்
வசந்தத்தின் வாக்கை நம்பக்கூடாது.
ஒரு வருஷம் நம்பினேன்.
காலையில் முப்பது நாற்றும்
வெந்த கீரையாய்ப் படுத்திருந்தன.

தண்ணீருக்கு என் சட்டம் சின்னது.
விரலை மண்ணில் விடு, இரண்டாம் கணு வரை.
நுனியில் ஈரம் தட்டுப்பட்டால் வாளியைக் கீழே வை.
இல்லையென்றால் ஊற்று,
வேரடியில், விடியலில்,
தினம் ஒரு மடக்காய் ஏமாற்றாமல்
மூன்று நாளைக்கொரு தரம் வயிறு நிறைய.
வேலை முடிந்து ஐந்தரைக்கு வருவேன்,
சீருடையோடு.
நகக்கண்ணில் மண்ணோடு தூங்கப் போவேன்.

ஆகஸ்டில் எனக்குக் குடல்வால் அறுத்தார்கள்.
பதினோரு நாள்.
சாவியைப் பக்கத்து வேலி ஸெனோனிடம் கொடுத்தேன்.
ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் தோட்டத்தில்
புல், ஊஞ்சல் நாற்காலி, வானொலி. அவ்வளவுதான்.
சட்டத்தைத் தாளில் எழுதித் தந்தேன்.
ஒரு தரம் படித்தார். மடித்தார்.
பதிவுத் தபாலைப்போல உள்பையில் வைத்துக்கொண்டார்.

ஏழு நாள் அது உள்பையிலேயே இருந்தது.
எட்டாம் நாள் ஞாபகம் வந்து, பதறி,
குழாயைத் திறந்துவிட்டு
கால்பந்து முடியும்வரை மூடவில்லை.
கூடுதல் நேரம் வேறு.

வந்து பார்த்தேன்.
தக்காளி ஒன்று பாக்கியில்லாமல்
வாய் பிளந்து தொங்கின.
காம்பிலிருந்து கீழே ஒரு கீறல்,
ஏறக்குறைய என் வயிற்றில் உள்ள நீளம்.
இவற்றுக்குத் தையல் போட ஆளில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஸெனோன்,
தொப்பி கையில்.
"சரியான வீட்டில்தான் போட்டேன், போக்னா.
தேதிதான் தப்பிவிட்டது."

திட்ட வாயெடுத்தேன். சிரிப்பு வந்தது.
தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்தினேன்.

பிளந்ததைப் பிளந்தபடியே நறுக்கி,
வெங்காயம், உப்பு, புளித்த பாலேடு.
ஊஞ்சல் நாற்காலியில் ஆளுக்கொரு தட்டு.
சாறு அவர் முழங்கை வரை வழிந்தது,
துடைக்கத் தோன்றவில்லை அவருக்கு.

இருப்பதிலேயே பெரிதாய்ப் பிளந்த ஒன்றை
நான் தின்னவில்லை.
குடுவையில் பிழிந்து நான்கு நாள் புளிக்கவிட்டேன்.
மிதந்ததைக் கொட்டினேன்,
அடியில் தங்கியதை உலர்த்தி உறையிலிட்டேன்.
ரகத்தின் பெயர் எழுதும் இடத்தில்
எழுதியது: தாமதத் தபால்.

இந்த பிப்ரவரியில் பத்துக்கு ஒன்பது.
பாதியை வேலிக்கு மேலாகக் கொடுத்தேன்.
அவர் புல்வெளியில் ஒரு பாயளவு
வெட்டியெடுத்துக் கறுப்பாக்கியிருந்தார்.

இன்று விடியலில், டிராம் வாசனையோடு நான் வரும்போது,
ஸெனோன் முழந்தாளிட்டு,
கண்ணை மூடிக்கொண்டு,
மண்ணில் விரல்.

"ஈரம் இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

விரலை எடுக்கவில்லை.