உடன்

மார்க்கெட் ஸ்ட்ரீட் தோல் கிட்டங்கியில் கணக்கு எனக்கு.
கல்கத்தா சரக்கு இறங்குவதால்
இந்துஸ்தானி கொஞ்சம் வரும்:
விலை பேச, எடை பேச,
ஏமாற்றினால் திட்ட.
அது போதும் என்றார்கள்.
நாளுக்கு இரண்டு வெள்ளி என்றார்கள்.

கலகம் என்றது பத்திரிகை.
புரட்சி என்றது யாரோ செருகிவிட்டுப் போன துண்டுத்தாள்.
இரண்டையும் மடித்து அடுப்பில் போட்டுவிட்டுப் போனேன்.
தெருவில் கடைகள்
இன்னும் ஒற்றைப் பலகைதான் திறந்திருந்தன.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று துரைகள்.
ஒருவருக்குச் சளி.
இந்தப் பக்கம் கை பிணைத்த வரிசை.
வக்கீல் இல்லை. சாட்சி ஒரு சமையல்காரன்.
இருட்டாயிருந்தது என்றுதான் ஆரம்பித்தான்.
அதைச் சொன்னேன்.
எழுதுகிறவர் எழுதவில்லை.

முற்பகலில் ஒன்பது பேர்.
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்;
ஒரு கட்டுத் தோல் தரம் பிரிக்க
எனக்கு அதைவிட நேரமாகும்.

ஒன்பதாமவன் மங்தூ கான்.
கேட்டு வாங்கிய பிள்ளைக்கு வைக்கிற பெயர் அது.
பெயருக்கு யாரும் பொருள் கேட்கவில்லை.
அந்த ராத்திரி எங்கே இருந்தாய்?
அவங்க கூட இருந்தேன் என்றான்.
தூக்கத்தில் எழுப்பினார்கள்,
துப்பாக்கியைக் கையில் திணித்தார்கள்,
எல்லோரும் நடந்தார்கள், நானும் நடந்தேன்,
கடல் தெரிந்ததும் திரும்பிவிட்டேன்
என்றெல்லாம் அவன் சொல்லிக்கொண்டே இருக்க,
சளிக்காரத் துரை கையை உயர்த்தினார்.
முதலில் சொன்னதை மட்டும் சொல்.

அவன் மொழியிலிருந்து அவர்கள் மொழிக்கு
எனக்கு நேர்வழி கிடையாது.
தமிழ் வழியாகத்தான் போவேன்,
தெலுக் ஆயரில் எங்கே போக வேண்டுமானாலும்
தர்கா வாசலைத் தாண்டிப் போகிறமாதிரி.
உடனிருந்தான்
என்றுதான் வந்தது மனசில்.
வாய்க்கு வருவதற்குள்
உடன்பட்டான் ஆகிவிட்டது.
களைப்பா, பயமா.
பசி என்று சொல்ல முடியாது,
நல்ல சோறு போட்டார்கள் அங்கே.

பேனா ஓடியது.
சொல்லைத் திரும்ப வாங்க
வாயைத் திறந்தேன்.
அடுத்தவன் என்றார்கள்.

சாயங்காலம் தாள் நீட்டினார்கள்:
பிழையின்றி மொழிபெயர்த்தேன்.
நெ. மீரா லெப்பை என்று
தமிழில் போட்டேன் கையெழுத்தை,
அங்கே யாருக்கும் படிக்க வராது என்பதால்.

அவுட்ராம் சாலைச் சிறையின் வெளிமதில்.
எதிர்மேடு முழுக்கத் தலை.
சீனர், மலாய்க்காரர், நம்மவர்,
குடை பிடித்த வெள்ளைக்காரிகள்.
கச்சாங் விற்றவனுக்குக் காகிதம் தீர்ந்துபோய்
வெற்றிலையில் மடித்துக் கொடுத்தான்.
கம்பங்கள் புதிதாய்ச் சீவிய மரம்;
பச்சை வாசனை மேடு வரைக்கும் வந்தது.
சுட நின்றவர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.
ஒருவன் வங்கி, ஒருவன் ரப்பர் கம்பெனி,
என்னைப்போலக் கணக்கு எழுதுகிறவர்கள்.
தோளில் துப்பாக்கி சரியாக உட்காரவில்லை.

மங்தூ கான் ஏதோ கத்தினான்.
பக்கத்தில் நின்ற ரிக்‌ஷாக்காரன்
பஜார் மலாயில் கேட்டான்,
என்ன சொல்றான்?
தெரியாது என்றேன்.

கயிறு இறுக்குது, கொஞ்சம் தளர்த்துங்க.
அவ்வளவுதான் சொன்னான்.
எந்தத் தமிழில் போட்டாலும்
வேறு அர்த்தம் வராது.

முதல் வெடிக்கு அவன் விழவில்லை.
இரண்டாவதற்கும் விழவில்லை.
கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது.

பதினோரு நாள். இருபத்திரண்டு வெள்ளி.
வாங்கிக்கொண்டேன்.
பாதியைத் தர்கா உண்டியலில் போட்டேன் என்று
எழுத ஆசைதான்;
போடவில்லை, வாடகை பாக்கி இருந்தது.

கிட்டங்கியில் பழையபடி வேலை.
நாகப்பட்டினத்துக்குக் கடிதம் எழுதும்போது மட்டும்
சரக்கை உடன் அனுப்பவும் என்கிற இடத்தில்
கை நிற்கிறது.
சீக்கிரம் என்று எழுதுகிறேன்.