யானை விலை நேரம்

எங்கள் வீட்டுக் கரண்டுக்கு மூன்று விலை.
விடியுமுன் இரண்டிலிருந்து நான்கு வரை அடிமாட்டு விலை.
மாலை ஐந்திலிருந்து ஏழு யானை விலை.
மற்ற நேரம் ஏதோ ஒரு விலை.

ஃபீக்ரா இதற்காகவே பேட்டரி வாங்கினார்.
சலவை இயந்திரத்துக்கு மேலே, சுவரில்,
வெள்ளைப் பெட்டி, ஒரு பச்சை விளக்கு.
கார்க் நகரம் தூங்கும்போது வயிற்றை நிரப்பிக்கொள்ளும்.
ஐந்தடித்தால் எங்களுக்குப் படியளக்கும்.

மார்ச் கடைசி ஞாயிறு
நாடே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது.
அடுப்பில், காரில், என் மணிக்கட்டில்
திருத்தினோம்.
பெட்டியிடம் யாரும் சொல்லவில்லை.

பதினேழு நாள்
நான் ஐந்து மணிக்குக் கோழியை அவனில் வைக்க,
நிறைவயிறாய்ப் பார்த்துக்கொண்டிருந்தது அது.
அதன் கணக்கில் மணி நான்கு.
சாப்பிட்டுத் தட்டுக் கழுவும்போது
வாரி வழங்கியது.

அவர் சந்தேகித்ததோ என் கெட்டிலை.
"ஏழுக்கு மேல் குடியேன் டீயை,
செத்தா போவாய்?"
பஸ்ஸில் நனைந்து வந்த கோட்டைக் கழற்றாமல்
ஏழு வரை உட்கார்ந்திருந்திருக்கிறேன்,
இரண்டு நாள், வேண்டுமென்றே.

பில் வந்த புதன்கிழமை கண்டுபிடித்துவிட்டார்.
"பத்து யூரோகூட இல்லை" என்றார்.
கொஞ்சம் கழித்து மறுபடி, "பத்துகூட இல்லை, நோரீன்."
நான் வாயே திறக்கவில்லை.

ஐந்தேகால்.
பெட்டியின் மணியைத் திருத்தப் போனவர்
பாதி வழியில் திரும்பி வந்து
கெட்டிலைப் போட்டார்,
விளிம்புவரை தண்ணீர் ஊற்றி.