நான்காவது காரணம்

கிர்க்கி எக்ஸ்டென்ஷனில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
ஒற்றை மின்விசிறி அறை. மே மாதம்.
ஹோதன் எதிரில் உட்கார்ந்து
மழை பொய்த்த மூன்று வருடங்களைச் சொல்கிறாள்.
ஒட்டகங்கள் விழுந்த வரிசை.
பிறகு சின்னவன்.
அடுத்த அறைப் பையன் லிபான்
ஓட்டை இந்தியில் அதை என்னிடம் சேர்க்கிறான்.

நான் எழுதவில்லை.
பேனா மூடியிருப்பதை அவள் பார்க்கிறாள்.

எப்படிச் சொல்வது.
ஐம்பத்தொன்றில் எழுதிய உடன்படிக்கை,
இந்த நாடு இன்னும் கையெழுத்துப் போடாதது,
ஆனாலும் அட்டை தரும் அலுவலகம் அதைத்தான் புரட்டும்.
இனம், மதம், நாட்டுரிமை,
குறிப்பிட்ட ஒரு சமூகக் குழு, அரசியல் கருத்து
இவற்றில் ஒன்றுக்காக
யாராவது துரத்தியிருக்க வேண்டும்.
அஞ்சுவதற்குத் தக்க காரணம் வேண்டும்.
பசி துரத்தினால் கணக்கில் வராது.
வெயிலுக்குக் கட்சி கிடையாது.

தமிழில் அகதி என்றால் கதியற்றவர், அவ்வளவுதான்.
யார் பறித்தார்கள் என்று
அந்தச் சொல் கேட்பதில்லை.
கேட்பதற்கு நான் சம்பளம் வாங்குகிறேன்.

"யாரைக் கண்டு பயம்?"
"வானத்தை" என்கிறாள்.
லிபான் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறான்.

கீழே டேங்கர் ஹாரன்.
பேச்சை அப்படியே போட்டுவிட்டு
நீலக் கேனோடு ஓடுகிறாள்.
ஜன்னலில் நின்று பார்க்கிறேன்.
ஆளாளுக்குக் குழாயைப் பிடுங்குகிறார்கள்.
அவள் மட்டும் சுவரோரம்,
எல்லோரும் நிரப்பி முடியட்டும் என்று.
தள்ளி நிற்கும்படி யாரும் சொல்லவில்லை.

அரைக் கேனோடு ஏறி வந்து
எங்கள் இருவருக்கும் ஊற்றுகிறாள்.
"ஊரில் தண்ணீர் அடியோடு இல்லையா?"
"இருந்தது. ஒரு கிணறு."
"பிறகு?"
"நாங்கள் தோல் பதனிடுகிறவர்கள்,
எங்கள் வாளி அதில் இறங்கக் கூடாது."

தம்ளரை வாயருகே கொண்டுபோன லிபான்
கீழே வைத்துவிட்டு
மெதுவாக மொழிபெயர்க்கிறான்.
அந்த ஒரு வரிக்கு மட்டும்
எனக்கு அவன் தேவைப்பட்டிருக்க மாட்டான்.

துப்பாக்கிக் காவல் இருந்ததைச் சொல்கிறாள்.
இரவில் கணவன் போனதை.
விடிகாலையில் வாளியை மட்டும்
வாசலில் எறிந்துவிட்டுப் போனதை.

மூன்று சந்திப்பிலும் ஏன் சொல்லவில்லை?
"நீங்கள் கேட்டது பயத்தை.
இது வழக்கம்."

பேனாவைத் திறக்கிறேன்.
வாளி என்ன நிறம்?
கேட்பார்கள்.