நான்காம் வரிசை

ஓலு நகரில் காலை ஐந்து மணி, மைனஸ் இருபத்திரண்டு.
அரங்க வாசலில் பனி ஒதுக்குவது என் வேலை.
உள்ளே பனித்தளத்தில் ஒற்றையாளாய்ச் சறுக்கிக்கொண்டிருப்பான்
யூசோ ராந்தகாரி, பதினெட்டு வயது.
இடமும் வலமும் ஒரே வேகத்தில் திரும்புவான்.
அது யாரும் சொல்லித்தந்ததில்லை.
சொல்லித்தந்ததெல்லாம் பிறகு வந்தது.

மட்டையை நீளமாக்கு என்றார் ஒருவர்.
அவரை நீக்கினார்கள்; வந்தவர் குட்டையாக்கு என்றார்.
முளைத்ததா என்று விதைக்கிழங்கைத்
தினம் தோண்டிப் பார்த்தால்
அது கறிக்குக்கூட ஆகாது.

மூன்றாமவர் பேசவே இல்லை.
நான்காம் வரிசையில் போட்டு
ஆட்டத்துக்கு நாலு நிமிடம் கொடுத்தார்.
நாலு நிமிடத்தில் ஒருவன் என்ன கற்பான்?
பயப்படத்தான்.

பக்கத்து இருக்கை ஹில்க்காவிடம்
இரண்டு பருவமாக இதையே சொல்கிறேன்.
அவள் பிளாஸ்கைத் திறந்து காப்பி நீட்டுவாள்.

இப்போது அவன் குவோபியோவில். முதல் வரிசை.
நேற்று இங்கேயே வந்து இரண்டு கோல் போட்டான்,
இரண்டாவதற்கு முன் அதே திருப்பம், இடப்பக்கம்.
"பார்த்தாயா, அங்கே அவனை
அவன் பாட்டுக்கு விட்டிருக்கிறார்கள்" என்றேன்.

ஹில்க்கா மூடியைத் திருகியபடி கேட்டாள்:
"போன மார்ச்சில் அவன் வட்டைத் தவறவிட்டானே,
அன்றைக்கு முதல் விசில் யாருடையது?"

என்னுடையதுதான்.
கையுறையைக்கூடக் கழற்றிக்கொண்டேன்,
நன்றாகக் கேட்கட்டும் என்று.